அறுக்குமுன் பாருங்கள்



தூத்துக்குடியில் வாழ்கிற நமக்குச் சங்கு புதிய பொருள் அன்று. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கரையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பு அதற்குப் பின்னும் தொடர்ந்தது. ஆயினும், குளித்தெடுத்த சங்கைக் கரையில் எவ்வாறு சோதித்தார்கள் என்பதை நம் இளைஞரில் பலர் அறியார். இவ்வாரம் அதைக் குறித்து எழுத விரும்புகிறேன். சபைப் பொறுப்புகளுக்கு நாம் ஆட்களைத் தெரிந்துகொள்ளும் முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உவமானம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் கடலின் சங்கு எங்கே போயிற்று என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். கோயிலில் ஊதுவதற்கும் குழந்தைக்குப் பால் புகட்டுவதற்கும் ஒரு பங்கு போயிற்று என்பது உண்மையே. ஆனால் பெரும்பகுதி கப்பலேறி வங்காளத்துக்குச் சென்றது. அங்கே மணப்பெண்ணின் கையில் ஏறுவது பொன் வளையல் மட்டுமன்று, வெண்சங்கு வளையலும் ஏறவேண்டும். டாக்காவின் சாங்காரி பஜாரிலும் விஷ்ணுபூரிலும் தலைமுறை தலைமுறையாகச் சங்கறுப்போர் தரையில் அமர்ந்து, பிறை வடிவான கனத்த இரும்பு வாளை இரு கைகளாலும் இழுத்து, சங்கைக் குறுக்கே வளையங்களாக அறுத்தார்கள். இத்தொழில் நமக்கும் அந்நியமன்று. பழைய கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகள் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதி 1914இல் வெளியிட்டார்.

ஒரு சங்கிலிருந்து சில வளையங்களே கிடைக்கும். அச்சிலவற்றுக்காக ஒருவன் ஒற்றை மூச்சில் கடலின் அடிமணல்வரை இறங்கியிருக்கிறான். வேறொருவன் நெடுநேரம் வாள் இழுத்திருக்கிறான். அறுத்து முடித்த பின் வளையத்தில் துளை தெரிந்தால், இருவர் உழைப்பும் போயிற்று. ஆகவே சங்கைப் பார்க்க வேண்டிய வேளை வாள் படுவதற்கு முந்தைய வேளை.

கரைக்கு வந்த சங்கை இரண்டு வகையாகச் சோதித்தார்கள். முதலாவது அளவு. மரப்பலகையில் வட்டமாகத் துளை இட்டிருப்பார்கள். அதன் குறுக்களவு காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப இரண்டேகால் அங்குலம் முதல் இரண்டரை அங்குலம்வரை மாறியதுண்டு. அத்துளையில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும் சங்கு சிறிய சங்கு. அதை என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உடைக்கவில்லை, குப்பையில் எறியவுமில்லை. உயிர் பிழைத்து மேலும் வளரட்டும் என்று மீண்டும் கடலிலேயே விட்டார்கள்.

இரண்டாவது சோதனை குறையைப் பற்றியது. இது எளிதன்று. உயிருள்ள சங்கின்மேல் பழுப்பு நிறத் தோல் ஒன்று படர்ந்திருக்கும். அதன் அடியில் ஓடு வெண்மையாகவும் இருக்கலாம், புழுவும் துளைக்கும் கடற்பஞ்சும் அரித்துச் சல்லடையாகவும் இருக்கலாம். தசை நீங்கி, கழுவி, தோலைச் சுரண்டிய பிறகே ஓட்டின் உண்மை தெரியும். கடலடியில் எப்போதோ செத்துக் கிடந்த சங்கோ வேறு வகை. உருவத்தில் பெரியதாக, முழுமையாக இருக்கும். ஆனால் பளபளப்பு இழந்து சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். அளவுப்பலகையை மட்டும் நம்புகிறவன் இதைத் தேறியது என்று எண்ணி எடுத்து வைத்துவிடுவான்.

சிறியது வேறு, பழுதானது வேறு. இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுதக் கூடாது. நம் சபைகளில் இவ்விரண்டையும் குழப்புகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. இன்னும் கடுமையாகச் சொன்னால், பல இடங்களில் தீர்ப்பைத் தலைகீழாகவே எழுதுகிறோம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வேதபாடம் வாசிக்கையில் நான்கு இடங்களில் தடுமாறுகிறான். அதன்பின் யாரும் அவனை அழைப்பதில்லை. அவன் அளவுப்பலகையில் நழுவிய சங்கு. அவனைக் கடலில் விட்டிருக்க வேண்டும், நாம் தெருவில் விட்டுவிட்டோம். மறுபுறம், நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம், வெண்மையான சட்டை என்று பார்த்து ஒருவரைப் பொருளாளர் ஆக்குகிறோம். தோலைச் சுரண்டிப் பார்க்க நமக்குக் கூச்சம். பண்டிகைக் கணக்கு கேட்கும் நாளில்தான் துளைகள் தெரிகின்றன. அன்று கெடுவது அவர் பெயர் மட்டுமா? கூலி வேலை செய்து காணிக்கைப் பெட்டியில் போட்ட விதவைத் தாயின் நம்பிக்கையும் அல்லவா அறுபடுகிறது!

பவுல் இவ்விஷயத்தில் தெளிவாக இருந்தார். உதவிக்காரரை முதலில் சோதித்தறிய வேண்டும் என்பதை 1 தீமோத்தேயு 3:10இலும், ஒருவர்மேலும் அவசரமாய்க் கைகளை வைக்கலாகாது என்பதை 5:22இலும் காணலாம். அதே மூன்றாம் அதிகாரத்தின் ஆறாம் வசனம் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனைக் கண்காணி ஆக்க வேண்டாம் என்கிறது. இதைச் சிலர் இளையோரை விரட்டும் கோலாக வைத்திருக்கிறார்கள். அவனுக்கு இப்போது அப்பொறுப்பைக் கொடாதே என்று பவுல் சொன்னாரேயன்றி, அவன் எக்காலத்தும் ஆகான் என்று சொல்லவில்லை. மாற்கு எனப்பட்ட யோவானை எண்ணிப் பாருங்கள். பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப்போனவன். பவுல் அவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். பர்னபாவோ அவனை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து எழுதுகையில், மாற்கு எனக்குப் பயனுள்ளவன், அவனை அழைத்து வா என்று கேட்டவர் அதே பவுல். (அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தையும் 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.) பர்னபா சிறிய சங்கைக் கடலில் விடத் தெரிந்தவர்.

நம் வாசகர்களுள் தூண்டில் கோலைத் தாமே கட்டிக்கொள்ளும் இளைஞரும் உண்டு. வெற்றுத் தண்டை வாங்கி, வளையங்களை நூலால் கட்டி, மேலே எப்பாக்சி பூசுவார்கள். அவர்களிடமும் இதே விவேகத்தைக் காணலாம். பிசினில் தோய்ந்த கார்பன் இழைத் துணியைக் கூம்பிய இரும்புக் கம்பியின்மேல் சுற்றி, நாடாவால் இறுக்கி, சூளையில் சூடேற்றிச் செய்வது அத்தண்டு. நல்ல கைவினைஞர் நூலைத் தொடுமுன் தண்டின் வழியே கண்ணோட்டிப் பார்ப்பார். சமமான மேசையில் உருட்டுவார். பஞ்சை அதன்மேல் இழுத்து, எங்கேனும் இழை பிரிந்து சிக்குகிறதா என்று நோக்குவார். நுனியில் மெதுவாகப் பாரம் கொடுத்து வளைப்பார். வளைவு சீராக இறங்காமல் ஓரிடத்தில் மட்டும் முறிந்தாற்போல் மடிந்தாலோ, உள்ளே நெரியும் ஓசை கேட்டாலோ, தண்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் நாடா சுற்றிய தடம் வரிவரியாகத் தெரிந்தால் அதைக் குறையென்று அவர் கொள்ளுவதில்லை. அது பிறந்த விதத்தின் அடையாளம். சிறிது கோணல் இருந்தாலும், வளையத்தை எப்பக்கம் கட்டுவது என்று தீர்மானித்துச் சமாளித்துக்கொள்வார்.

அந்தப் பாரச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மேசைமேல் கிடக்கையில் எல்லாத் தண்டும் நேர்தான். பாரம் ஏறும்போதுதான் தெரியும். ஆயினும் முதல் நாளிலேயே முழுப் பாரத்தையும் தொங்கவிடுகிறவன் சோதிப்பவன் அல்லன், முறிப்பவன். புதிதாக வந்த சகோதரியிடம் ஞாயிறு பள்ளி முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, மூன்றே மாதத்தில் அவர் சோர்ந்ததும் உறுதி போதாது என்று பேசும் சபைகளை நீங்களும் அறிவீர்கள்.

இன்னும் ஒன்று. வலம்புரியைப் பற்றிச் சொல்லாமல் சங்கைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. நம் கடற்சங்கு இடம்புரியாகவே வளர்கிறது. மிக அரிதாக ஒன்று எதிர்ப்புறம் சுழன்று வளரும். வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்டால் அதுதான் முதலில் கழிக்கவேண்டிய சங்கு. அதற்கோ மற்றெல்லாச் சங்கையும்விட விலை! வேடிக்கை என்னவெனில், அமெரிக்கக் கடலில் இயல்பாகவே எதிர்ப்புறம் சுழலும் வேறோர் இனம் உண்டு. அதை வலம்புரி என்று சொல்லி நம்மவரிடம் விற்கிறார்கள். வித்தியாசமாக இருப்பதெல்லாம் பழுதும் அன்று, வித்தியாசத்தைக் காட்டி விலை பேசுவதெல்லாம் வலம்புரியும் அன்று. எல்லாரும் தலையசைக்கும் செயற்குழுவில் தனியாக எழுந்து கணக்கைக் கேட்கிற ஒரு மூப்பர் எந்த வகை என்று அறிய, அவரோடு சில காலம் உடனிருந்து பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் சபையில் அடுத்த தெரிவு நெருங்குமானால், பட்டியலில் உள்ள பெயர்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் குறித்து இதைக் கேளுங்கள்: இவர் கையில் இதற்குமுன் சிறிய பொறுப்பு எதுவேனும் இருந்ததா? ஜெப வீட்டுச் சாவியோ, பாடகர் குழுவின் சந்தாவோ, நோயாளிகளைச் சந்திக்கும் முறையோ, எதுவாயினும் சரி. அதை அவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார்? பட்டியலிலிருந்து சென்றமுறை நீக்கிய பெயர்களையும் எடுத்து வையுங்கள். அவர்களில் யார் பழுதென்று நீக்கப்பட்டவர், யார் சிறியவர் என்று நீக்கப்பட்டவர் எனப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் வகையினர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். சிலர் வேறு ஊரில் இருப்பார்கள், சிலர் கடைசி வரிசையில் இருப்பார்கள். அந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இப்போது இருபத்திரண்டு ஆகியிருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க இன்னும் யாரையும் நியமிக்கவில்லையென்றால், இன்றைக்கே அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.