தண்ணியில்லாத காட்டில் ஒரு நீலக் காளை

மாடர்ன் ஆர்ட் என்றால் நம் பத்திரிகைகளில் ஒரே ஜோக்தான். படத்தைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள், யாருக்கும் தெரியாது, ஓவியர் உள்பட. அந்த ஜோக்கைச் சொன்னால் யாரும் சிரித்திருக்க மாட்டாத ஒரு தேசமும் காலமும் உண்டு. 'தி டெஸர்ட் ஆஃப் ஃபர்பிடன் ஆர்ட்' என்கிற டாக்குமெண்டரியில் பார்த்தேன். அமாண்டா போப், சாவ்தார் ஜார்ஜீவ் இருவரும் 2010ல் எடுத்தது. கிடைத்தால் விடாதீர்கள்.

ரஷ்யப் புரட்சியை ஒட்டிய வருஷங்களில் அங்கே ஓவியர்கள் சகட்டுமேனிக்குப் பரிசோதனை செய்தார்கள். வட்டம், முக்கோணம், சிவப்பு மரம், முகமில்லாத மனுஷன். மொத்தத்துக்கும் 'ரஷ்ய அவான்கார்ட்' என்று பேர். அப்புறம் ஸ்டாலின் காலம். 1932ல் கலைஞர்களின் தனிக்குழுக்களைக் கலைத்தார்கள். 1934ல் 'சோஷலிஸ்ட் யதார்த்தம்' ஒன்றே அதிகாரபூர்வ பாணி என்றார்கள். அதாவது, படத்தில் டிராக்டர் இருக்க வேண்டும், ஓட்டுகிற பெண் சிரிக்க வேண்டும். மாட்டேன் என்றவர்களின் படங்கள் பரணுக்குப் போயின. சில ஓவியர்கள் சிறைமுகாமுக்கே போனார்கள்.

கதாநாயகர் இகோர் ஸவித்ஸ்கி. 1915ல் கீவில் பிறந்த ஓவியர். 1950ல் தொல்பொருள் ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்குப் படம் வரைய உஸ்பெகிஸ்தானின் கரகல்பாக் பகுதிக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். முதலில் உள்ளூர் மக்களின் நகை, கம்பளம் என்று சேகரித்தார். அவருடைய பிடிவாதத்தில் 1966ல் நுகூஸ் என்ற ஊரில் ஒரு மியூஸியம் வந்தது. பிறகு அவான்கார்ட் ஓவியர்களின் விதவைகளையும் பிள்ளைகளையும் தேடித்தேடிப் போய், பரணில் கிடந்ததையெல்லாம் கேட்டு வாங்கினார். காசிருந்தால் காசு, இல்லாவிட்டால் கடன்.

வேடிக்கை என்னவென்றால், பணம் அரசாங்கத்துடையது. ஒதுக்கிய கையே விலையும் கொடுத்தது! எப்படி முடிந்தது? நுகூஸ், மாஸ்கோவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். ரசாயன ஆயுத ஆராய்ச்சி நடந்த ஊர், வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதியில்லை. எட்டிப் பார்க்க ஆளில்லை. பிடிக்காத ஆபீஸரைத் 'தண்ணியில்லாத காட்டுக்கு' மாற்றுவார்களே, அந்த மாதிரி ஒரு காடுதான் ஒரு தலைமுறையின் ஓவியங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆசாமி சாமர்த்தியசாலியும்கூட. நதேஷ்தா பரவாயா என்ற பெண்மணி ஸோவியத் முகாமில் கைதியாக இருந்தபோது, அங்கே கண்டதை ரகசியமாக வரைந்து வைத்திருந்தார். அதை வாங்கப் பணம் வேண்டும். "நாஜி முகாம்களின் கொடுமை, பாருங்கள்!" என்று அதிகாரிகளிடம் காட்டினாராம் ஸவித்ஸ்கி. பணம் சாங்ஷன்!

லைசென்கோ என்பவரின் நீலக் காளை ஒன்று அங்கே இருக்கிறது. துப்பாக்கிக் குழல் மாதிரி இரண்டு கண்கள். பார்த்தால் அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. சோதனைக்கு வந்த அதிகாரிகளுக்கும் செய்திருக்க வேண்டும், உடனே கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். அவர்கள் ஊர் திரும்பியதும் மறுபடி மாட்டிவிட்டார்.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை சின்னதில்லை. சொந்தமாக வரைவதை விட்டார். பழைய உலோகப் பொருள்களை ஃபார்மலினில் சுத்தம் செய்து செய்து, அந்தப் புகையில் நுரையீரல் கெட்டது. 1984ல் இறந்துபோனார். அவர் சேர்த்தவை ஏறத்தாழ 40,000 என்கிறார்கள்.

அவான்கார்ட் என்றதும் துணிச்சலான ஓவியர்களைத்தான் நினைக்கிறோம். அந்தத் துணிச்சல் நம் கண்ணில் படுவதற்கு, கடன் சொல்லி வாங்கி, மூட்டை கட்டி, ரயிலேற்றிய ஒரு மனுஷன் வேண்டியிருக்கிறது.

புரியாத படத்தை ரசித்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை சார். கிழிக்காமல் பரணில் வைத்தால் போதும். பேரனுக்கோ பேத்திக்கோ புரியலாம்.