கூடலுக்குப் பின்னும் கதை உண்டு

விஷுவல் நாவல் என்று சொன்னதுமே இலக்கிய நண்பர்கள் பலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறோம். 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற முத்திரையும் சேர்ந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். படமும் இசையும் பின்னணியில் நிற்க, சொடுக்கும்தோறும் வரி வரியாக விரியும் எழுத்து. சில இடங்களில் வாசகரின் தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் கதை. வடிவம் இவ்வளவுதான். ஜப்பானின் லீஃப் நிறுவனம் 1996இல் 'ஷிஸுகு'வுடன் தொடங்கிய வரிசைக்கு இட்ட பெயரே பின்னர் இவ்வடிவத்தின் பொதுப்பெயராக நிலைத்தது.

இவ்வகைக் காதல் கதைகளில் பல தேறாதவை என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. அதற்கான காரணத்தில்தான் நண்பர்களோடு முரண்படுகிறோம். படுக்கையறைக் காட்சி இருப்பதை அவர்கள் குறையாகச் சொல்கிறார்கள். அது வைக்கப்படும் இடமே குறை என்கிறோம் நாம். வழக்கமான சூத்திரத்தில் நாயகன் சரியான பதில்களைத் தேர்ந்துகொண்டே போனால் முடிவில் நாயகியின் உடல் பரிசாகக் கிடைக்கும். அங்கே பெண் ஒரு பூட்டு, உரையாடல்கள் சாவிகள். திறந்த பூட்டுக்கு மறுநாள் காலை என்று ஒன்று இல்லை. கோபமில்லை, நினைவில்லை, கடன்களும் இல்லை.

இச்சூத்திரத்தைத் தலைகீழாக்கிய படைப்பொன்று உண்டு. ஆஜ் நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'கிமி கா நொஸொமு எய்யென்'. 'நீ விரும்பும் நித்தியம்' என்று பெயர்க்கலாம். தக்காயுக்கி என்ற இளைஞனைத் தன் தோழி ஹருக்காவுக்கு அறிமுகப்படுத்துகிறாள் மித்சுகி. ஹருக்கா காதலைச் சொல்கிறாள்; மறுக்கத் தெரியாமல் அவன் இசைகிறான். பிறகு மெல்ல மெல்ல உண்மையாகவே நேசிக்கத் தொடங்குகிறான். முதல் அத்தியாயம் வேண்டுமென்றே மந்தமாக நடக்கிறது. படக்கதைப் புத்தகங்கள், கோடைக்காலத்து உலாக்கள், தயங்கித் தயங்கிச் சொல்லப்படும் சின்னச் சின்ன வார்த்தைகள். பொறுமையிழக்கும் வாசகரைக் குறை சொல்ல மாட்டோம்.

ஒருநாள் வழியில் மித்சுகியைக் கண்டு பேசிக்கொண்டிருந்ததால் ஹருக்காவைச் சந்திக்க அவன் தாமதமாக வருகிறான். அதற்குள் விபத்து நேர்ந்துவிடுகிறது. அவள் நினைவிழக்கிறாள். இரண்டாம் அத்தியாயம் 3 ஆண்டுகளுக்குப் பின் திறக்கும்போது தக்காயுக்கி ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறான். நீச்சலைக் கைவிட்டு அலுவலகத்துக்குப் போகும் மித்சுகி அவனுடைய துணையாகிவிட்டாள். அப்போது ஹருக்கா கண்விழிக்கிறாள். அவளுக்கு அது இன்னும் அதே கோடைக்காலம்.

முதல் அத்தியாயத்தின் மந்தகதி இங்கேதான் பலன் தருகிறது. கடந்துபோன நாட்களை ஹருக்கா நேற்றைய பேச்சாகப் பேசும்போது, அவற்றைச் சொடுக்கிச் சொடுக்கிக் கடந்துவந்த வாசகருக்கும் அந்த நேற்று இருக்கிறது. இரண்டு வரிச் சுருக்கத்தில் அதைச் சொல்லியிருந்தால் அவள் மீது இரக்கம் மட்டுமே பிறந்திருக்கும். மறுபுறம், மித்சுகியோடான உடலுறவு கதையின் இலக்காக இல்லாமல், நிகழ்ந்து முடிந்த உண்மையாக நிற்கிறது. மருத்துவமனையில் அவன் நடிக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒருத்திக்குச் செய்யும் துரோகமாவது அதனால்தான். இனி வரும் தேர்வுகளில் சரியான பதில் என்று எதுவும் கிடையாது. எவளைத் தேர்ந்தாலும் மற்றவளின் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். தக்காயுக்கியின் ஊசலாட்டம் எரிச்சலூட்டுவது உண்மை. ஆனால் நம் விரலும் அதே பட்டியலின் மேல் தயங்கி நிற்கும்போது அவனை ஏளனம் செய்வது எளிதாக இல்லை.

குறைகளும் உண்டு. துணைப் பாத்திரங்களுக்கான கிளைகளில் சில, சந்தைக்காகச் சேர்க்கப்பட்டவை போலவே படுகின்றன. அங்கே பழைய பூட்டும் சாவியும் திரும்பிவிடுகின்றன. விளையாட்டுக் கருவிகளுக்கு வந்த பதிப்புகளில் பாலியல் காட்சிகள் நீக்கப்பட்டபோதும் மையக் கதை சிதையவில்லை. இது நம் வாதத்துக்கு எதிரானதன்று. காட்சியை நீக்கலாம், உறவையும் அதன் விளைவுகளையும் நீக்க முடியாது.

தமிழ் பயின்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் களவியலோடு அகம் முடிந்துவிடுவதில்லை, கற்பியல் தொடர்கிறது. புணர்தல் ஐந்து உரிப்பொருள்களில் ஒன்று. பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் எஞ்சிய நான்கு. கூடலுக்குப் பின்னரே மனித மனம் தன் முழு உருவைக் காட்டுகிறது என்பதை அறிந்த மரபு நம்முடையது.

ஆகவே முத்திரையைப் பார்த்து ஒதுக்குவதையும், முத்திரைக்காகவே நாடுவதையும் ஒருங்கே மறுக்கிறோம். ஒரு காதல் கதையை எடைபோட நாம் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலை இருக்கிறதா?