பெயரிட்டவர் கண்டுபிடித்தவரா?

அவுஸ்திரேலியாவின் டார்லிங் நதியை 1829இல் சார்ள்ஸ் ஸ்ரேர்ட் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவோரிடம் கேட்கிறேன்: பல்லாயிரம் ஆண்டுகளாக அதன் கரையில் வாழ்ந்த பார்கிஞ்சி மக்களுக்கு அந்நதி தெரியாமலா இருந்தது? அவர்கள் அதனைப் 'பாக்கா' என்பர். பாக்காவின் மக்கள் என்பதே அவர்களது இனப்பெயரின் பொருள். அந்நதிக்குத்தான் ஆளுநர் ரால்ப் டார்லிங்கின் பெயரை ஸ்ரேர்ட் சூட்டினார்.

அது சென்று சேரும் ஆற்றுக்கோ 1824இல் ஹியூம் தம் குடும்பப் பெயரை இட்டார். 1830இல் ஸ்ரேர்ட் அதே ஆற்றுக்கு இலண்டன் அமைச்சர் மரேயின் பெயரை வைத்தார். ஆறே ஆண்டுகளில் ஓர் ஆற்றுக்கு இரு பெயர்கள். இரண்டுமே அந்நியரின் பெயர்கள்!

2015இல் நீதிமன்றம் பார்கிஞ்சி மக்களின் பூர்வீக நிலவுரிமையை ஏற்றது. மண் அவர்களுடையது என்றால், நதியின் பெயர் மட்டும் ஆளுநருடையதாக இருப்பது எந்த நியாயம்?