50 நோடும் பொய் நோடா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு என்எஸ்-3 சிமுலேட்டர்ல 50 வைஃபை நோடு ஓடவிட்டு, அழகா ஒரு கிராஃப் எடுத்து வைவாவை முடிச்சிடலாம்னு இருக்கீங்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். ஒண்ணு மட்டும் உறைக்கவே இல்லை: நம்ம கோடு எவ்வளவு நேரம் கணக்குப் போட்டாலும் சிமுலேட்டருக்குள்ள கடிகாரம் நகராது. அதையே ராஸ்பெரி பை போர்டுல போட்டேன். பதில் கிளம்புறதுக்குள்ள டைமர் முடிஞ்சு, ஒரே பாக்கெட் மூணு தடவை போச்சு.

50 போர்டு வாங்க நம்மகிட்ட காசு கிடையாது, சரி. இரண்டு போதும். டேப் பிரிட்ஜ் வழியா அதுங்களை சிமுலேஷனோட இணைச்சு, ரியல்டைம் மோடில் ஓட்டுங்க. மீதி நோடெல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கட்டும். லேப்டாப் திணறினா சிமுலேஷன் நிஜ நேரத்துக்குப் பின்தங்கும். அந்தத் தாமதத்தையும் போர்டு தலையில் கட்டிடாதீங்க. நான் 20 நோடுக்கு இறங்கிட்டேன். கிராஃப் அசிங்கமாத்தான் வந்தது. வைவாவுக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறேன்.