பழைய அலமாரியைத் தள்ளிவிடாதிருங்கள்

சமையலறை அலமாரி கறுத்து, கதவு இறங்கிவிட்டால், கடன் வாங்கியாவது புதியது செய்ய மனம் ஏவுகிறது. சற்றே பொறுத்து, வடக்கு அந்தமானிலுள்ள திக்லிபூரை நினைத்துப் பாருங்கள். அங்கே ஆண்டில் ஏழெட்டு மாதம் மழை, காற்றிலோ உப்பு. சென்னையிலிருந்து கப்பலேறும் பலகை போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கி, மேலும் சுமார் 300 கிலோமீட்டர் செல்லவேண்டும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையானால், ஈரம் ஏறியதும் ஊதிவிடும்.

அத்தீவுகளின் படாக் மரமோ கரையானை எதிர்த்து நெடுங்காலம் நிற்கும். 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அங்கு மரம் வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆகவே பழைய படாக் அலமாரியை விறகாக்குகிறவர், எளிதில் திரும்பக் கிடைக்காததை இழக்கிறார்.

நீங்கள் எந்த நகரில் குடியிருந்தாலும், முதலாவது மரத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். உறுதியாயிருந்தால் அது நிலைக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவுங்கள். ஓட்டைகளை மக்கு வைத்து அடையுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, வாட்டர் பேப்பரால் நனைத்தே தேயுங்கள். நன்றாய் உலர்ந்தபின் புதிய பெயிண்ட் பூசுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் கீல்களையும் கைப்பிடிகளையும் பொருத்துங்கள். வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதம் பெறுங்கள்.

அலமாரி புதிதாகும், வட்டி கட்டும் பாரமோ உங்கள் வீட்டுக்குள் வராது.