புழுவெட்டுக்கு ரத்தப் பரிசோதனை: யாருக்குப் பயன்?

தலையில் நாணய அளவுக்கு முடி உதிர்ந்து வழுவழுவென்று ஒரு வட்டம் விழுந்தால், அதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் முடிதிருத்துபவர்தான். வலி இருக்காது, பின்மண்டையில் வந்தால் கண்ணாடியிலும் தெரியாது. வீட்டுக்கு வந்து சொன்னதும் 'புழுவெட்டு' என்பார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கச் சொல்வார்கள். இதில் புழு எதுவும் இல்லை. அலோபீசியா ஏரியேட்டா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பணுக்களே மயிர்க்கால்களைத் தாக்குகின்றன. நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரலாம். குழந்தைகளும் விலக்கல்ல. சிலருக்குப் புருவமும் இமைமுடியும்கூடப் போய்விடும்.

வெங்காயத்தோடு நின்றிருந்த வைத்தியத்தில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. உடலில் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' கூடியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம், கூடியிருந்தால் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையால் சரிசெய்யலாம் என்ற பேச்சுதான் அது. இதன் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஆனால் அந்த அறிவியல் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு முன்பே நோயாளியிடம் அதற்குக் காசு வாங்குவது நியாயமல்ல.

உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும்போது, எதிர்ப்பட்டதை எல்லாம் தாக்கக்கூடிய மூலக்கூறுகளும் துணைவிளைவாக உருவாகின்றன. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டதயோன் பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் அவற்றை அடக்கி வைக்கின்றன. உற்பத்தி மிகுந்து அடக்கும் வலு குறையும் நிலையை 1985-ல் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்) என்று வரையறுத்தவர் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ். அந்த மூலக்கூறுகள் உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும்போது மாலோண்டியால்டிஹைடு என்ற பொருள் மிஞ்சும். ரத்தத்தில் அதிகம் அளக்கப்படுவது இதுதான்.

துருக்கி, எகிப்து, ஈரான் நாடுகளின் தோல் மருத்துவர்கள் அலோபீசியா ஏரியேட்டா நோயாளிகளின் ரத்தத்தை நலமானவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் நோயாளிகளிடம் மாலோண்டியால்டிஹைடு கூடுதலாகவே இருந்தது. காக்கும் நொதிகளின் கணக்குதான் ஒத்துவரவில்லை: ஒரு ஆய்வில் குறைவு, இன்னொன்றில் கூடுதல். இந்த ஆய்வுகள் பலவும் சில பத்துப் பேரை மட்டும் வைத்து நடந்தவை.

மரபணு ஆய்விலும் ஒரு தடயம் உண்டு. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ இந்த நோயால் பாதிக்கப்பட்டவர். அவருடைய குழு 2010-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, நோயோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகளை அடையாளம் காட்டியது. ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து உயிரணுவைக் காக்கும் பெராக்ஸிரெடாக்சின்-5 அவற்றில் ஒன்று. நெருக்கடியில் இருக்கும் உயிரணு எதிர்ப்பணுக்களை அழைப்பதற்குக் காட்டும் புரதங்களின் மரபணுக்கள் இன்னொன்று. ஆக, மயிர்க்காலில் ஏற்படும் நெருக்கடியே எதிர்ப்பணுக்களை இழுத்துவருகிறது என்ற ஐயம் வலுவானது, ஆராயத் தகுந்தது.

ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரியில் தெரியும் வேறுபாட்டைத் தனி ஒருவரின் ரத்தத்தில் படித்துவிட முடியாது. மாலோண்டியால்டிஹைடு புகைபிடிப்பவருக்கும் கூடும், சர்க்கரை நோயாளிக்கும் கூடும், உடல்பருமன் உள்ளவருக்கும் கூடும். தெருமுனைக் கால்வாயில் ஓடும் நீரைப் பார்த்து எந்த வீட்டுக் குழாய் உடைந்தது என்று சொல்ல முடியுமா? அளக்கும் முறையிலும் சிக்கல் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் மலிவான முறை மாலோண்டியால்டிஹைடோடு வேறு சில பொருள்களையும் சேர்த்தே காட்டிவிடும். ரத்தத்தை எடுத்த பிறகு சரியாகப் பாதுகாக்காவிட்டாலும் எண் மாறும். இந்த நோய்க்கென்று எல்லோரும் ஏற்ற எல்லை அளவு எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்தத்தால் நோய் வந்ததா, நோயின் அழற்சியால் அழுத்தம் வந்ததா என்ற கேள்விக்கு ஒருமுறை எடுத்த ரத்தத்தில் விடை கிடைக்காது.

நோயைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனை தேவையும் இல்லை. தோல் மருத்துவர் கண்ணாலும் டெர்மாஸ்கோப் கருவியாலும் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். மேலே தடித்து அடியில் மெலிந்து, ஆச்சரியக்குறி போல நிற்கும் குட்டை முடிகள் வட்டத்தின் ஓரத்தில் இருந்தால் அதுவே நல்ல சான்று. தேவைப்பட்டால் தைராய்டு பரிசோதனை எழுதித் தருவார். இந்த நோயாளிகளில் சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதால் அதற்குக் காரணம் உண்டு. மாலோண்டியால்டிஹைடு எண் எவ்வளவாக இருந்தாலும் அவர் எழுதப்போகும் மருந்து மாறாது.

வீண் செலவு ஒருபக்கம் இருக்க, பரிசோதனைக்குப் பின்னால் வரும் மாத்திரைகள் இன்னும் கவலை தருகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் நன்மைதானே என்ற நம்பிக்கையைப் பெரிய ஆய்வுகள் உடைத்திருக்கின்றன. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது 2011-ல் தெரியவந்தது.

முடிக்கென்றே விற்கப்படும் செலினியத்தின் கதை இன்னும் நேரடியானது. குளுட்டதயோன் பெராக்சிடேஸ் வேலை செய்யச் செலினியம் தேவை. அளவு மிஞ்சினால் அதே செலினியம் முடியைக் கொட்டவைக்கும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் குறிப்பிட்டதைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட, 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முடி உதிர்ந்தது. 2024 டிசம்பர் இறுதியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டக் கிராமங்களில் பலருக்குத் திடீரென முடி கொட்டியபோதும், அதை ஆராய்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் ரேஷன் கோதுமையில் மிகுந்திருந்த செலினியத்தையே காரணமாகச் சொன்னார்.

முடிக்கான மாத்திரைகளில் தவறாமல் இடம்பெறும் பயோட்டின் வேறு விதமாகத் தொல்லை தரும். அதிக அளவில் எடுத்தால் தைராய்டு, இதயப் பாதிப்பு ஆகியவற்றுக்கான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளே தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது.

அப்படியும் 'எனக்கு அந்த மாத்திரையில்தான் முடி வந்தது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஓரிரு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஓராண்டுக்குள் மருந்தே இல்லாமல் குணமாகிறார்கள். அந்தச் சமயத்தில் தேய்த்த வெங்காயத்துக்கும் விழுங்கிய மாத்திரைக்கும் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மருந்து பெறாத குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத எந்தச் சிகிச்சைக்கும் இதே சிக்கல்தான்.

ஒப்பிட்டுப் பார்த்துத் தேறிய வழிகள் இருக்கின்றன. சிறு வட்டங்களுக்கு அந்த இடத்திலேயே போடும் ஸ்டீராய்டு ஊசி நெடுங்காலமாகப் பயன்படுகிறது. எதிர்ப்பணுக்கள் எந்தச் சமிக்ஞையின் வழியாக மயிர்க்காலைத் தாக்குகின்றன என்று கிறிஸ்டியானோவின் குழு 2014-ல் விளக்கியது. ஜாக் தடுப்பான்கள் எனப்படும் மருந்துகளுக்கு அதுவே வழிதிறந்தது. அவற்றில், இந்த நோய்க்கு 2022-ல் அமெரிக்கா அனுமதித்த பாரிசிட்டினிப் மருந்தின் இரண்டு ஆய்வுகளில், கடுமையாக முடி இழந்து அதை உயர் அளவில் எடுத்தவர்களில் 36 சதவீதத்துக்கும் 39 சதவீதத்துக்கும் இடைப்பட்டோர் 36 வாரங்களில் தலையின் 80 சதவீதப் பகுதியிலாவது முடியைத் திரும்பப் பெற்றார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 3 முதல் 6 சதவீதம். தொற்று, ரத்தக்கட்டு போன்ற அபாயங்கள் உள்ள மருந்து என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் இந்த எண்களை நோயாளியிடம் காட்டி, நன்மை தீமைகளைப் பேசி முடிவெடுக்கலாம்.

ஆக்சிஜனேற்ற அழுத்த ஆய்வுகளும் அந்த நிலைக்கு வர வேண்டும். ஒருமுறை ரத்தம் எடுத்து ஒப்பிடும் சிறு ஆய்வுகள் போதுமான அளவுக்கு நடந்துவிட்டன. இனி, ஒரே நோயாளியை முடி கொட்டும்போதும் வளரும்போதும் மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, ரத்தத்தோடு தலைத்தோலையும் சேர்த்து அளக்கும் பெரிய ஆய்வுகள் வேண்டும். அடுத்த வட்டம் விழுவதற்கு முன்பே எண் ஏறுகிறதா, எந்த மருந்து யாருக்குப் பலிக்கும் என்று அது முன்கூட்டிச் சொல்கிறதா என்பதை அவைதான் காட்டும். அதுவரை இந்தப் பரிசோதனைக்கான செலவை ஆய்வு நிதி ஏற்க வேண்டும். அலோபீசியா ஏரியேட்டா நோயாளியின் கட்டணச் சீட்டில் அதற்கு இடமிருக்கக் கூடாது.