குரங்கு சொல்லும், பன்றி சொல்லும். டெங்குவை யார் சொல்வது?

1896-ம் ஆண்டு பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியது. வீடுகளில் எலிகள் செத்து விழுந்தன. எலி விழுந்தால் பின்னாலேயே நோய் வருகிறது என்று ஜனங்கள் தெரிந்து கொண்டார்கள்.

பிராணிகளைக் கவனித்து, மனிதனுக்கு வரும் ஆபத்தை முன்கூட்டியே அறிவது இன்று விஞ்ஞான முறையாகி விட்டது. கொசுவும் உண்ணியும் பரப்பும் வைரஸ் நோய்களுக்கு இது பெரிதும் உதவுகிறது.

குரங்குச் சாவு

1957-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. பக்கத்துக் கிராமத்தாரும் காய்ச்சலில் விழுந்தார்கள். உண்ணி பரப்பும் புதிய வைரஸ்தான் காரணம் என்று புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடித்தார்கள். அந்த வட்டாரத்தில் குரங்கு செத்துக் கிடந்தால் இன்றும் அதுவே முதல் எச்சரிக்கை. 2016-ல் இந்நோய் மராட்டியத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் தலைகாட்டியது.

பன்றியின் ரத்தம்

ஜப்பான் மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-ல் நம் வேலூர் பகுதியில் கண்டறியப்பட்டது. நெல்வயல் கொசு இதைக் கொக்கு, நாரை, பன்றிகளிடமிருந்து மனிதனுக்குக் கொண்டு வருகிறது. பன்றி பெரும்பாலும் நோயைக் காட்டாது. ஆனால் அதன் ரத்தத்தைச் சோதித்தால், ஊரில் வைரஸ் நடமாடுவது தெரிந்துவிடும். ஜப்பானில் இப்படித்தான் கண்காணிக்கிறார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் கூண்டுக் கோழிகள் இந்த வேலையைச் செய்கின்றன.

தாராவியில்?

டெங்குவின் கதை வேறு. கொசு ஒரு மனிதனைக் கடித்து மற்றொரு மனிதனுக்குப் பரப்புகிறது. நடுவே பன்றியும் இல்லை, குரங்கும் இல்லை. சந்தில் முதலில் படுப்பவர்தான் எச்சரிக்கை மணி.

அந்த மணியை நாமே அமுக்கி விடுகிறோம். ஒரு நாள் கூலி போய்விடும் என்று மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். அதற்குள் டிரம் தண்ணீரில் வளர்ந்த கொசு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

காய்ச்சல் கண்டவுடன் ரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். டிரம்மை மூடி வைத்து, வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். இது நம் கடமை.

மழைக்காலத்தில் பரிசோதனை தாராவிச் சந்துக்கே வர வேண்டும். காய்ச்சல்காரருக்கு லீவும் கூலியும் கிடைக்க வேண்டும். இது மாநகராட்சியும் முதலாளிகளும் செய்ய வேண்டியது.

அன்று எலி விழுந்த பிறகுதான் ஊர் விழித்தது. இன்று தொழிலாளி விழும்வரை காத்திருக்கக் கூடாது.